காரமடை கௌசல்யாவும் நானும்

பொறாமை எப்போதும் பக்கத்து இலையைப் பார்த்துத்தான் வரும். மண்டபத்துக்கு வெளியே நிற்கும் காரைப் பார்த்து வராது. கோயமுத்தூரில் மில் வைத்திருப்பவர்களைப் பார்த்தோ, அவினாசி ரோட்டில் கப்பல் மாதிரி வண்டி ஓட்டிப் போகிறவர்களைப் பார்த்தோ எனக்கு ஒரு நாளும் வயிறு எரிந்ததில்லை. என் வயிறு எரிந்ததெல்லாம் சத்தியமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் செந்தில் என்ற நல்ல மனிதரைப் பார்த்து. அதுவும் எதற்காக? மதியம் இரண்டு மணிக்கு ஓடும் ஒரு டிவி தொடரைப் பற்றி அவர் என்னைவிட நன்றாக எழுதினார் என்பதற்காக. (சிரிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கேவலமான இடங்கள் பாக்கி இருக்கின்றன.)

என் பெயர் தங்கவேல். சிங்காநல்லூரில் வீட்டுக்கு முன்னாலேயே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். யார் வீட்டு மோட்டாராவது புகைந்துபோனால் என்னிடம் வரும். கருகிய செம்புக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பேன். ஒன்றரை மணிக்குச் சாப்பாட்டுக்கு உள்ளே போனால் என் மனைவி சாந்தாமணி ஹாலில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் திருப்பூர் பனியன் துணி குவிந்து கிடக்கும். அதில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பது அவள் வேலை. கண் டிவியில் இருக்கும், கை துணியில் இருக்கும். இரண்டு மணிக்கு ‘நாலாவது மருமகள்’ ஆரம்பிக்கும்.

முதலில் கிண்டல் செய்துகொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு மாதத்துக்குள் இரண்டு மணிக்கு யாராவது மோட்டார் கேட்டு வந்தால், “வார்னிஷ் இன்னும் காயலீங்க, மூணு மணிக்கு வாங்க” என்று அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டேன். கதை பெரிதாக ஒன்றுமில்லை. தேன்மொழி என்று நாலாவது மருமகள். அவளைப் படுத்தி எடுக்கும் மாமியார் ராஜேஸ்வரி. பின்னால் சமையலறையில் பாக்கியம் என்று ஒரு சமையல்கார அம்மா. நடுவில் யாராவது கதவைத் திறந்தால் எல்லார் முகத்தையும் மும்மூன்று முறை காட்டுவார்கள்.

அந்தக் காலத்தில்தான் மகேஸ்வரி அக்கா நடத்தும் முகநூல் குழு கண்ணில் பட்டது. கணபதியில் பியூட்டி பார்லர் வைத்திருப்பவர். குழுவின் பெயர் ‘ரெண்டு மணி மன்றம்’. தொடர் முடிந்த கையோடு ஆளாளுக்கு அங்கே வந்து, இன்று யார் நன்றாக நடித்தார்கள், வருஷக் கடைசியில் சேனல் கொடுக்கும் விருது யாருக்குப் போகும் என்று வாதாடுவார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் ஆட்கள்தான் அதிகம். சண்டைகூட ‘ங்க’ போட்டுத்தான் நடக்கும்.

நான் பிளஸ் டூவில் தமிழில் இருநூற்றுக்கு நூற்று அறுபத்தெட்டு வாங்கியவன். (யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.) இத்தனை வருஷம் காயிலுக்குள் சுருண்டு கிடந்த அந்தத் தமிழை அங்கே அவிழ்த்துவிட்டேன். ‘விழிகளில் வேதனையின் வெள்ளம் வழிய, இதழ்களில் இயலாமையின் இடி முழங்க, தேன்மொழியாக வாழ்ந்து காட்டினார் அந்த நடிப்பின் நயாகரா!’ என்று ஒரு பத்தி. அப்படி எட்டுப் பத்தி. முப்பது பேர் லைக் போட்டார்கள். மகேஸ்வரி அக்கா, “தம்பி, அருமைங்க. பேராசிரியருங்களா?” என்று கேட்டார். அன்றைக்குப் பட்டறையில் ஒரு மோட்டாருக்குத் தப்பான அளவுக் கம்பியைச் சுற்றிவிட்டு, அதையும் சிரித்துக்கொண்டே அவிழ்த்தேன்.

நாலு மாதம் நான்தான் அங்கே ராஜா. பிறகு சத்தி செந்தில் வந்தார்.

அவர் எழுதிய முதல் பதிவு எனக்கு இன்றும் மனப்பாடம். ‘இன்று தேன்மொழி பதினோரு நிமிடம் அழுதார். பவானி ஆற்றில் திடீரென்று தண்ணீர் கூடியிருக்கிறதாம், கரையோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும்.’ அவ்வளவுதான். இரண்டே வரி. என் எட்டுப் பத்திக்கு விழுந்த லைக்கை அவருடைய இரண்டு வரி சாயங்காலத்துக்குள் தாண்டிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சாந்தாமணி அதைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கத்தரி கைநழுவித் துணிக்குள் விழுந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“நான் எழுதினதப் படிச்சியா அம்மணி?” என்று கேட்டேன்.

“பாதி படிச்சனுங்க. இந்தக் கட்டு முடிச்சுப்போட்டு மீதி படிக்கறனுங்க.”

அந்தக் கட்டு முடிந்தது. அதற்கடுத்த கட்டும் முடிந்தது. என் மீதி மட்டும் மீதியாகவே கிடந்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில், “இன்னைக்கு சத்திக்காரரு என்ன எழுதியிருக்காருன்னு பாருங்களேன்” என்பாள். என் வாயாலேயே அவருடைய வரிகளைப் படித்துக் காட்ட வேண்டும்.

விருதுப் பேச்சு சூடு பிடித்தபோது நான் தேன்மொழி கட்சி, செந்தில் மாமியார் கட்சி. ‘அழுவது சுலபம், அழ வைப்பதுதான் கஷ்டம்’ என்று அவர் ஒரு வரி எழுத, என் கட்சியில் இருந்த பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் பெயரில் பதில் எழுதினால் பொறாமை என்பார்கள். (பொறாமைதான். ஆனால் அவர்கள் அதைச் சொல்லக்கூடாதல்லவா?) அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. ஒரு போலி ஐடி. பெண் பெயர் என்றால் செந்தில் எதிர்த்துப் பேசமாட்டார். போன வாரம்தான் காரமடைக்குப் போய் ஒரு மோட்டார் மாட்டிவிட்டு வந்திருந்தேன். அந்த ஊர் பெயர் நாக்கிலேயே இருந்தது. ஒரு செம்பருத்திப் பூ படத்தைப் போட்டு, ‘காரமடை கௌசல்யா’ பிறந்தாள்.

பிறந்தவளுக்குப் பேச ஒன்றுமில்லை. ‘செந்தில் அவர்களே, மாமியாரைப் பற்றித் தாங்கள் எழுதியது…’ என்று ஆரம்பித்துவிட்டு, டிவியைப் பார்த்தபடி விழித்துக்கொண்டிருந்தேன். அன்றைய கட்டம் பெரிய கட்டம். மாமியார் தேன்மொழியை ஓங்கி அறைகிறாள். வழக்கம்போல எல்லார் முகமும் மும்மூன்று முறை.

சாந்தாமணி துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அவளும் நல்லா நடிக்கல, இவளும் நல்லா நடிக்கல. பொறவுக்கு நிக்கற பாக்கியத்தப் பாத்தீங்களா? அடுப்ப அமத்திப்போட்டுத்தான் அழுதா. அதுதானுங்க நடிப்பு.”

வேறு வழியில்லாமல் அதை அப்படியே தட்டிவிட்டேன். ‘யாரும் பின்னால் நிற்கும் பாக்கியத்தைப் பார்க்கவில்லையா? அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அழுதார். அதுதான் நடிப்பு.’ அனுப்பிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன்.

மூன்று மணிக்குப் பார்த்தால் குழுவே அல்லோலகல்லோலப்பட்டுக் கிடந்தது. அந்தக் காட்சியை ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். உண்மைதான். திரையின் ஓரத்தில், மங்கலாக, ஒரு கை போய் அடுப்பைத் திருகுகிறது. பிறகுதான் முந்தானை கண்ணுக்குப் போகிறது. ‘கௌசல்யா அக்கா, கண்ணா அது!’ என்று ஒருத்தர். ‘நான் தோத்துப்போனனுங்க அக்கா. இனி என் ஓட்டு பாக்கியம்மாவுக்குத்தான்’ என்று செந்தில். மகேஸ்வரி அக்கா இருபது இதயங்கள் போட்டிருந்தார்.

செந்திலைத் தோற்கடித்துவிட்டேன். அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். பிறகு ஏதோ நெருடியது. அன்று என் சொந்தப் பெயரில் நான் எழுதிய ஒன்பது பத்திக்கு நாலு லைக் விழுந்திருந்தது. அதில் ஒன்று, பழக்கதோஷத்தில் கௌசல்யா போட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஒரே வேலைதான். தொடர் முடிந்ததும் சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு எப்படி அம்மணி இருந்துச்சு?” என்று கேட்பேன். அவள் சொல்வாள். நான் மாடிக்குப் போய் அதைத் தட்டுவேன். ‘தேன்மொழி சோறு போடும்போது கரண்டியைப் பிடிப்பதைப் பார்த்தால் பிறந்ததிலிருந்து சோறு போட்டதே இல்லை என்று தெரிகிறது.’ ‘மூத்த மருமகள் கோபப்படும்போது வளையலைப் பார்த்துக்கொள்கிறாள். கோபத்தில் எவளுக்கு வளையல் ஞாபகம் வரும்?’ எல்லாம் அவள் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் கை தட்டியது.

சாந்தாமணி ஒரு நாள் துணியை மடக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கல்யாணமாகிப் பத்தொம்பது வருசமாச்சுங்க. இப்பத்தான் நான் என்ன நெனைக்கறன்னு ஒட்டுக்கா உக்காந்து கேக்கறீங்க” என்றாள். முகத்தில் ஒரு வெட்கம்கூட இருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அடுத்த நிமிடமே, “சரி, அந்த ரெண்டாவது மருமக எப்படி?” என்று கேட்டேனே, அந்த மனிதனை நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

அவளும் குழுவைப் படிப்பவள்தானே. ஒரு வாரத்தில், “ஏனுங்க, இந்தக் காரமடைப் பொண்ணு நான் நெனைக்கறதையே எழுதறாளுங்க! எம்பட மனசுக்குள்ள உக்காந்து எழுதறாளாட்ட இருக்குது” என்றாள்.

“நல்ல மனசுக்காரங்க எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிப்பாங்க” என்றேன்.

கௌசல்யா வளர்ந்தாள். அவளிடம் புடவைக்குப் பொருத்தம் கேட்டார்கள், மாமியார் சண்டைக்கு நியாயம் கேட்டார்கள். மேட்டுப்பாளையத்துப் பெண் ஒருத்தி, “காரமடையில எங்கீங்க அக்கா?” என்று கேட்க, நான் மோட்டார் மாட்டிய வீடு நினைவுக்கு வந்து, ‘தேர் நிலைக்குப் பக்கத்துச் சந்து, நீலக் கேட்’ என்று எழுதித் தொலைத்தேன். மகேஸ்வரி அக்காவிடம் தனியாக, ‘முடி கொட்டுகிறது, என்ன செய்யலாம்?’ என்றுகூடக் கேட்டேன். (அது மட்டும் நடிப்பில்லை. என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

தங்கவேலை யாரும் தேடவில்லை. ஒரு நாள் நான் எழுதாமல் இருந்து பார்த்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. செந்தில்மேல் இருந்த பொறாமையெல்லாம் வடிந்து, மொத்தமாகக் கௌசல்யாமேல் ஏறிவிட்டது. இல்லாத ஒரு பெண், என் விரலால் தட்டி, என் போனில் இருந்துகொண்டு, என்னையே ஓரங்கட்டுகிறாள்! மறுநாள் என் சொந்தப் பெயரில் அவளைத் தாக்கி எழுதினேன்: ‘சமையலறையில் நிற்பவரை எல்லாம் சிம்மாசனத்தில் ஏற்றும் சிறுமதி சிலருக்கு! கௌசல்யா என்பவருக்கு நடிப்பின் நுணுக்கம் என்ன தெரியும்?’

குழு என்மேல் பாய்ந்தது. எல்லாரும் மரியாதையாகத்தான் பாய்ந்தார்கள். செந்தில் மட்டும், “அண்ணா, பெரியவங்க நீங்க. அக்கா மனசு நொந்துருமுங்க. ஒரு வார்த்தை வருத்தம் சொல்லீருங்க” என்றார். கௌசல்யாவிடம் தங்கவேல் மன்னிப்புக் கேட்டான். கௌசல்யா பெருந்தன்மையோடு மன்னித்தாள். அந்த மன்னிப்புக்கு நூறு லைக்.

வீட்டில் மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

“அந்தப் புள்ள உங்களுக்கு என்னங்க பண்ணுச்சு? ஒரு பொம்பளகிட்ட இப்படியா பேசறது?” என்று கேட்டுவிட்டு, சாந்தாமணி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவள் பேசாததால் கௌசல்யாவும் மூன்று நாள் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது? ‘அக்காவுக்கு என்னாச்சு?’ என்று குழு தவித்தது. நாலாம் நாள் சாந்தாமணி தானாகவே வாயைத் திறந்து, “அந்த மாமியா சீலை கட்டறது எங்க கோபிச் சின்னம்மா கட்டறாட்டவே இருக்குது. முன்னால தூக்கி, பின்னால எறக்கி” என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. ஓடிப்போய், ‘எங்கள் கோபிச் சின்னம்மா கட்டுவது போலவே’ என்று ஒரு எழுத்து மாறாமல் எழுதினேன். அன்று சாயங்காலம் அவள் போனைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

அந்த வாரமே மகேஸ்வரி அக்கா செய்தி போட்டார். இந்த வருஷம் விருது விழா கோயமுத்தூரில். நேயர்கள் ஓட்டுப் போட்டதில் பாக்கியமாக நடிக்கும் அம்மா ஜெயித்துவிட்டார். அடுப்பை அணைத்த அந்தக் கையை முதலில் பார்த்த நேயரே மேடையேறி விருதைக் கொடுக்க வேண்டும் என்று சேனலில் விரும்புகிறார்கள். ‘கௌசல்யா, தயாராயிக்குங்க!’

மேடை. விளக்கு. நடிகைகள். நான் கனவில் எத்தனை முறை ஏறிய மேடை! அதில் ஒரு செம்பருத்திப் பூ ஏறப்போகிறது. உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் மேடை போகும். ஒரு நாள் முழுக்க யோசித்து, இரண்டும் போகாதபடி ஒரு பதிவு தயாரித்தேன்: ‘அன்பு உறவுகளே, வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டது. வர இயலாத நிலை. என் சார்பில் அண்ணன் தங்கவேல் அவர்களை மேடையேற்றுங்கள். அவர் என்னைக் கடிந்தவர் என்றாலும் நடிப்பை அறிந்தவர்.’

கடைசி வரியின் இயைபைப் பார்த்து நானே மெய்மறந்தேன்.

குழு உருகிப்போனது. ‘திட்டினவரையே அனுப்பச் சொல்றாங்களே, என்ன மனசு!’ என்று ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்தார்கள். பிறகுதான் கொங்கு மண்டலத்துக்கே உரிய அந்த ஆபத்து வந்தது. “உடம்புக்கு முடியாத ஆள ஒரு எட்டுப் போயிப் பாக்காம இருந்தா நல்லா இருக்குமுங்களா?” என்று எழுதினார் மகேஸ்வரி அக்கா. “ஞாயித்துக்கெழம ஒரு வேன் புடிச்சறலாம். நீலக் கேட்டுன்னுதான் அவங்களே சொல்லியிருக்காங்களே. தங்கவேலு தம்பி, உங்களத்தான் அவங்க மேடைக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க வராம எப்படீங்க?”

வேண்டாம், சிரமம் எதற்கு என்று கௌசல்யா எழுதினாள். ‘சிரமமென்னங்க அக்கா இதுல’ என்று பதினைந்து பேர் பதில் போட்டார்கள்.

ஞாயிறு காலை சாந்தாமணி அடுப்படியில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். எனக்கென்றால் அந்த வெல்லப் பலகாரம் தீபாவளிக்கு மட்டும்தான்.

“யாருக்கு?”

“கௌசல்யாவுக்குத்தானுங்க. பாவம், கால் ஒடிஞ்சு கெடக்குறா.”

“சுளுக்குத்தானே” என்றேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும், லேசாத்தான் இருக்குதுன்னு?” என்று கேட்டுவிட்டு எண்ணெயைப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அந்த வாசனை வந்தபோது கௌசல்யாவைக் கொன்றுவிடலாம் போலிருந்தது.

வேனில் எட்டுப் பேர். செந்திலை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மடியில் ஆப்பிள் பை, கள்ளமில்லாத முகம். “அண்ணா, உங்க எழுத்தெல்லாம் ஒண்ணு விடாமப் படிப்பனுங்க. எனக்கெல்லாம் அப்படி நீளமா எழுத வராதுங்க” என்றார். மனதாரத்தான் சொன்னார். அதனால் இன்னும் எரிந்தது. என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டதால், போனை எடுத்துக் கௌசல்யாவாக, ‘ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், வர வேண்டாம்’ என்று ஒரு வரி தட்டக்கூட முடியவில்லை. துடியலூர் போனது, பெரியநாயக்கன்பாளையம் போனது. வண்டிக்கு ஏதாவது ஆகட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. ஓட்டுநர் அருமையாக ஓட்டினார். சாந்தாமணி ஜன்னலோரம் கச்சாய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தாள்.

“நான் போய் முதல்ல பாத்துட்டு வாரேன்” என்று காரமடையில் இறங்கி ஓடப் பார்த்தேன். “ஒட்டுக்காவே போலாமுங்க” என்றார்கள். தேர் நிலை. பக்கத்துச் சந்து. நீலக் கேட். மகேஸ்வரி அக்கா தட்டினார். நடுத்தர வயது அம்மா ஒருவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்தார். நடையில் ஒரு நொண்டலும் இல்லை.

“கௌசல்யா ஊடுதானுங்களே?” என்றார் மகேஸ்வரி அக்கா.

“கௌசல்யாவா? அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்ற அந்த அம்மா, கூட்டத்துக்குப் பின்னால் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, மோட்டார்காரரு! உங்களத்தானுங்க தேடிட்டிருக்கேன். நீங்க கட்டிக் குடுத்த காயிலு மறுபடியும் புகையுதுங்க!”

எல்லாத் தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. ‘நாலாவது மருமகள்’ தொடரில் மாதிரியே எல்லார் முகத்தையும் நான் மும்மூன்று முறை பார்த்தேன்.

“தம்பிக்கு இந்த ஊடு தெரியுமுங்களா?” என்றார் மகேஸ்வரி அக்கா.

நான் இன்னொரு செருப்பையும் சரி செய்ய ஆரம்பித்தேன். அப்போது சாந்தாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து டப்பாவை நீட்டினாள்.

“இந்தாங்க கௌசல்யா, கச்சாயம்.”

நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

“உனக்கு எப்பத் தெரியும்?” என்றேன்.

“நான் பேசாத மூணு நாளும் அவளும் பேசலைங்களே, அப்பவே சந்தேகமுங்க. எனக்குக் கோபியில சின்னம்மாவே இல்லைங்கறது பத்தொம்பது வருசமாக் கூட இருக்கற உங்களுக்கு ஞாபகமில்ல. கௌசல்யாவுக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்தா சின்னம்மா?”

யாராவது திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொங்குக்காரர்கள் திட்டவில்லை, விசாரித்தார்கள். மகேஸ்வரி அக்கா என் தலையையே கொஞ்ச நேரம் பார்த்தார். “அந்த முடி கொட்டுற விஷயம்… நான் சொன்ன எண்ணெய் தேச்சீங்களா தம்பி?” என்று கேட்டார். தேய்த்தேன், பலனில்லை என்றேன். செந்தில் ஆப்பிள் பையை என் கையில் கொடுத்து, “கால் இப்பப் பரவாயில்லைங்களாண்ணா?” என்றார். அவர் கிண்டலாகக் கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே, நீலக் கேட்டுக்கு முன்னால், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “தட்டினது மட்டும்தான் நானுங்க. அடுப்பு, கரண்டி, வளையல் எல்லாம் இவ சொன்னது. ஒரு வரிகூட எம்பட வரி இல்லீங்க” என்றேன். மகேஸ்வரி அக்கா சாந்தாமணியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்ப மேடைக்கு நீதான் வாரே, கண்ணு” என்றார். அந்த வீட்டு அம்மா எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுத்தார். அவர்கள் குடித்து முடிக்கும்வரை நான் பின்பக்கம் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தப்பான அளவுக் கம்பிதான். திரும்பி வரும்போது வேனில் அந்த மோட்டாரும் என் மடியில் வந்தது.

விருது விழா அவினாசி ரோட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. நான் இருபதாவது வரிசையில் சாந்தாமணியின் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணப் பட்டில் அவள் மேடையேறி, பாக்கியமாக நடிக்கும் அந்த ஒல்லியான அம்மாவின் கையில் விருதைக் கொடுத்தாள். அந்த அம்மா இவளைக் கட்டிக்கொண்டு, மைக்கிலேயே கேட்டார்: “அந்த அடுப்பை அணைச்சது டைரக்டர்கூடப் பார்க்கலை. நீங்க எப்படிம்மா பார்த்தீங்க?”

“நாங்க எல்லாரும் அப்படித்தானுங்களே அழுவோம்” என்றாள் சாந்தாமணி. “இல்லீனா பால் பொங்கிப் போயிருமில்லீங்களா?”

மண்டபமே எழுந்து கை தட்டியது. செந்தில் எழுந்து நின்று தட்டினார். நானும் எழுந்தேன். பொறாமையில் உடம்பு காந்தியது. இரண்டே வரி! எனக்கு ஒன்பது பத்தியில் வராதது. தட்டிக்கொண்டே இருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அவள் எந்தெந்த நாள் அடுப்பை அமத்தினாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அப்போதெல்லாம் நான் பட்டறையில் இருந்திருப்பேன்.

வீட்டுக்கு வரும் வழியில், “நல்லாப் பேசினே” என்றேன்.

“பொறாமையா இருக்குதுங்களா?” என்றாள்.

“ரொம்ப” என்றேன். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

இப்போது குழுவில் அவள் தன் சொந்தப் பெயரில் எழுதுகிறாள். கை துணியில் இருப்பதால் தட்டுவது நான்தான். நடுவில் ‘நயாகரா’, ‘வெள்ளம்’ என்று எதையாவது நுழைத்தால், “அத எடுத்துருங்க” என்பாள். மார்க்கெட்டில் அவளை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். “கொஞ்சம் அக்கட்டால நில்லுங்கண்ணா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, போனையும் என்னிடமே கொடுக்கிறார்கள்.

என் மச்சினன் அந்தியூரில் புது வீடு கட்டிக் குடி போனபோது எங்களுக்கு வந்த பத்திரிகையில் ‘திருமதி சாந்தாமணி – கௌசல்யா குடும்பத்தினர்’ என்று எழுதியிருந்தான். பந்தியில், “கௌசல்யாக்காவுக்கு ஒரு எலை போடுங்க!” என்று சத்தம் போட்டான். சொந்தக்காரக் குழந்தைகள் சிலவற்றுக்கு என் நிஜப் பெயரே தெரியாது. பேர் வைத்தது நான்தான், யாரைக் குற்றம் சொல்வது?

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். வரிசையாக நாற்காலிகளில் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கதவைத் திறந்து, “கௌசல்யா!” என்று கூப்பிட்டார். நான் எழுந்து இரண்டு அடி வைத்துவிட்டேன்.

அதே நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நல்ல உயரம், அடர்த்தியான கூந்தல், மயில் கழுத்து நிறப் புடவை. நேராக உள்ளே நடந்து போனாள். அந்தப் பெயர் அவளுக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்று பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு லேசாக வயிறு எரிந்தது.

சாந்தாமணி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க. அது நெசமாலுமே கௌசல்யாங்க.”

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் அந்தியூருக்குத் தகவல் போய்விட்டது.